பல்லில் குழி எப்படி விழுகிறது?

"பல்லில் பூச்சி விழுந்துவிட்டது" என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. அதற்குத் துணையாக இன்னும் சில பேச்சுகள் உண்டு. "இனிப்பைக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது." "வலி நின்றுவிட்டது, இனி மருத்துவர் எதற்கு?" "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்." "பால்பல்தானே, எப்படியும் விழத்தானே போகிறது." இவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் இவற்றை நம்பி, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களை இழந்தவர்கள் ஏராளம்.

நிலைப்பற்களில் சொத்தை உள்ளவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. பால்பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கு மேல். பெருமளவு தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு இது தாங்க முடியாத எண்ணிக்கை. தடுக்க முடியாமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம், குழியையே நோய் என்று நாம் நினைப்பது. குழி என்பது நோயின் கடைசிக் கட்டம். அதற்குப் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் முன்பே நோய் தொடங்கிவிடுகிறது. அந்தத் தொடக்கக் காலத்தில் அதைத் திருப்பி அனுப்பவும் முடியும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பூச்சி என்ற நம்பிக்கை

பல்லைப் புழு அரிக்கிறது என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் இதற்கு ஒரு கதையே இருக்கிறது. புழு தெய்வத்திடம் போய் "எனக்கு என்ன உணவு தருவாய்?" என்று அழுகிறது. பழுத்த அத்திப்பழம் தருகிறேன் என்கிறது தெய்வம். அது வேண்டாம், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க இடம் கொடு என்று புழு கேட்கிறது.

தமிழ்நாட்டில் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கும் பழக்கம் உண்டு. ஐரோப்பாவில் இதே வேலைக்கு ஹென்பேன் என்ற செடியின் விதையை எரித்தார்கள். சூட்டில் விதை வெடித்து, உள்ளிருக்கும் கரு வெளியே நீளும்போது அது சின்னப் புழுவைப் போலவே தெரியும். பார்த்தவர்கள் பல்லிலிருந்து பூச்சி விழுந்தது என்று நம்பியதில் வியப்பில்லை. பல்லின் உள்ளே இருக்கும் மென்மையான சதை நூல்போல வெளியே வரும்போதும் அது புழுவாகத்தான் தோன்றும்.

1728இல் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர், தான் பார்த்த பற்களில் புழு எதுவும் இல்லை என்று எழுதினார். உண்மையான காரணத்தை நெருங்கியவர் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர். பிடுங்கிய பற்களை எச்சிலில் போட்டு, ஒன்றில் ரொட்டியும் இன்னொன்றில் இறைச்சியும் சேர்த்து வைத்தார். ரொட்டி சேர்த்த எச்சிலில் பல் கரைந்து மென்மையானது. இறைச்சி சேர்த்ததில் அப்படி ஆகவில்லை. ஆக, பல்லைக் கரைப்பது மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் உருவாகும் ஏதோ ஒன்று. எச்சிலை முதலில் கொதிக்க வைத்துவிட்டால் அந்த ஏதோ ஒன்று உருவாகவே இல்லை. அதாவது, அதை உருவாக்குவது உயிருள்ள ஒன்று. 1890இல் மில்லர் தன் முடிவை வெளியிட்டார்: வாயில் வாழும் பாக்டீரியாக்கள் உணவிலிருந்து அமிலம் செய்கின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது.

1954இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதை உறுதியாக்கியது. பிறந்ததிலிருந்தே எந்தக் கிருமியும் படாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை நிறைந்த உணவைக் கொடுத்தார்கள். அவற்றின் பற்களில் சொத்தை விழவில்லை. பாக்டீரியா இல்லையென்றால் சர்க்கரையால் மட்டும் பல்லை ஒன்றும் செய்ய முடியாது.

தயிர் உறைவதும் பல் கரைவதும்

வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோரை உறை ஊற்றுகிறோம். அந்த மோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. பால் தயிராகிறது. மாலை வரை வெளியில் வைத்தால் இன்னும் புளிக்கிறது. இந்தத் தயிரை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் எந்தப் பாட்டியும் ஊற்றி வைக்க மாட்டார். புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வாயிலும் ஏறக்குறைய இதுவேதான் நடக்கிறது. அமிலம்கூடப் பெரும்பாலும் அதே லாக்டிக் அமிலம்தான். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவிப் பார்த்தால் பல்லின்மேல் வழவழப்பாக ஒரு படிவு தட்டுப்படும். அதைப் பற்படலம் என்பார்கள். அது வெறும் உணவுத் துணுக்கு அல்ல. பாக்டீரியாக்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு குடியிருப்பு. நாம் தின்னும் சர்க்கரை அதற்குள் ஊறி இறங்குகிறது, அங்கேயே அமிலமாகிறது, பல்லை ஒட்டியே தேங்கி நிற்கிறது. வாய் முழுவதும் புளிக்காவிட்டாலும் அந்தப் படலத்தின் அடியில் மட்டும் புளிப்பு ஏறிவிடும்.

இந்தக் குடியிருப்பில் பல வகைப் பாக்டீரியாக்கள் உண்டு. அதிகம் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். சாதாரணச் சர்க்கரையைக் கொண்டு அது அமிலம் செய்வதோடு, பசைபோன்ற ஒரு பொருளையும் செய்து பல்லில் தன்னை ஒட்டவைத்துக்கொள்கிறது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை மூன்றிலும் பெரும்பங்கு இதே சர்க்கரைதான். அவற்றுக்கு வேறு நன்மைகள் இருக்கலாம், ஆனால் பல்லைப் பொறுத்தவரை எந்தச் சலுகையும் கிடையாது.

சுருங்கச் சொன்னால், சொத்தை விழப் பாக்டீரியா வேண்டும், அதற்குச் சர்க்கரை வேண்டும், கரைவதற்குப் பல் வேண்டும். நான்காவதாக ஒன்றும் வேண்டும், அது நேரம்.

எனாமல், டென்டைன், பற்கூழ்

பல் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே தெரியும் வெள்ளை உறை எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எடையில் 96 சதவீதம் வெறும் தாது உப்பு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள். ஆனால் அதில் உயிரணு எதுவும் இல்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். உடைந்து விழுந்த எனாமல் மறுபடி வளராது.

அதன் அடியில் இருப்பது டென்டைன். எனாமலைவிட மென்மையானது, சற்று மஞ்சள் நிறம். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அதன் குறுக்கே ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சிறு அறை, அதற்குள் பற்கூழ். நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட உயிருள்ள சதை அது. பல்லுக்கு வலி தெரிவது இதனால்தான்.

கரைவதும் திரும்பச் சேர்வதும்

இதுதான் கட்டுரையின் மையம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு திரவம் எவ்வளவு அமிலம் என்பதைப் பிஎச் என்ற அளவால் சொல்வார்கள். தூய நீருக்கு 7. எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது. எச்சில் சாதாரணமாக 7க்கு அருகில் இருக்கும். பல்லைச் சுற்றியுள்ள பிஎச் ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும்.

இனிப்பான ஒரு மிடறு காபி குடித்த சில நிமிடங்களில் பற்படலத்தின் அடியில் பிஎச் அந்த எல்லைக்குக் கீழே போகலாம். 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் இந்த இறக்கத்தை நேரடியாக அளந்து காட்டினார். சட்டென்று இறங்கிய அளவு மெதுவாகத்தான் மேலேறுகிறது. பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது.

அதை மேலே ஏற்றுவது எச்சில். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. சர்க்கரையைக் கழுவிக்கொண்டு போகிறது, அமிலத்தின் வேகத்தைத் தணிக்கிறது, கூடவே கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சுமந்து வருகிறது. பிஎச் மேலேறியதும் அந்தத் தாதுக்கள் எனாமலில் கரைந்த இடங்களுக்குள் மறுபடி போய்ப் படிகின்றன. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் உங்கள் பற்களில் இரண்டில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பல்லும் பல முறை கரைகிறது, பல முறை சேர்கிறது. பற்படலம் இல்லாத வாய் இல்லை, சர்க்கரை அறவே இல்லாத உணவும் நம் வீடுகளில் இல்லை. ஆகவே கரைவது இயல்பு. கரைந்தது திரும்பச் சேர நேரம் கிடைக்காமல் போவதுதான் நோய்.

எச்சில் இவ்வளவு முக்கியம் என்பதால்தான் அது குறைந்தவர்களுக்குச் சொத்தை வேகமாக விழுகிறது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், வாயை உலரவைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடும் முதியவர்கள் இதில் அடங்குவார்கள். தூக்கத்தில் எல்லோருக்குமே எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப்போகும் குழந்தையின் மேல் முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப்போவதும், இரவில் பல் துலக்காமல் படுப்பது பகலில் துலக்காமல் இருப்பதைவிடக் கேடானதும் இதனால்தான்.

எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மதியச் சாப்பாட்டோடு இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிடுகிறார். பிறகு இரவு வரை ஒன்றும் இல்லை. இன்னொருவர் ஜாங்கிரியைத் தொடுவதே இல்லை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை ஆறு தடவை சர்க்கரை போட்ட தேநீர், ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட். சர்க்கரையின் மொத்த அளவில் முதலாமவரே கூடுதலாகச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவருடைய பற்கள் அந்த இனிப்பால் ஒரே ஒரு முறைதான் அமிலத்தில் நனைந்தன. இரண்டாமவரின் பற்கள் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்று வைத்தால் நாலரை மணி நேரம் கரைந்தன. ஒரு கோப்பை தேநீரை ஒரு மணி நேரம் வைத்து வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம்.

இதை உலகம் அறிந்துகொண்ட விதம் வருத்தமானது. 1940களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு வெவ்வேறு விதமாகச் சர்க்கரை கொடுத்து அவர்களின் பற்களைக் கண்காணித்தார்கள். சிலருக்கு உணவோடு சேர்த்துச் சர்க்கரை. வேறு சிலருக்கு உணவு வேளைகளுக்கு நடுவே, பல்லில் ஒட்டும் மிட்டாய். உணவோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குப் பற்கள் பாழாயின. தங்கள் உடலில் என்ன நடக்கிறது என்றுகூட அறியாத மனிதர்களின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு இது. அந்தச் சோதனை மன்னிக்க முடியாதது. அதன் முடிவை நாம் மறந்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

பிஸ்கட், சிப்ஸ் போன்றவை இனிப்பாகத் தோன்றாவிட்டாலும் பற்களின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு வெகு நேரம் இருக்கும். எச்சில் அந்த மாவுச்சத்தை உடைக்க உடைக்க, பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை கிடைத்துக்கொண்டே இருக்கும். இருமலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இனிப்பான மருந்துக் கரைசல்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கொடுத்ததும் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது நல்லது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை சர்க்கரை படும்போதும் பல் கொஞ்சம் கரைகிறது, இடைவெளி கிடைத்தால் எச்சில் அதைச் சரிசெய்கிறது. இடைவெளிகள் குறையும்போது கரைவது மிஞ்சுகிறது.

குழிக்கு முன் வரும் வெள்ளைப் புள்ளி

கரைவது மிஞ்சத் தொடங்கியதும் உடனே குழி விழுந்துவிடாது. ஈறை ஒட்டிய இடத்தில் பல்லைத் துணியால் துடைத்து உலர்த்திப் பார்த்தால், சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலான வெள்ளைத் திட்டு தெரியும். மேற்பரப்பு இன்னும் முழுதாக இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே தாதுக்கள் வெளியேறி எனாமல் நுண்துளைகள் நிறைந்ததாக ஆகியிருக்கும். ஒளி அங்கே சிதறுவதால்தான் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. வலி கிடையாது, கூச்சமும் கிடையாது. எல்லா வெள்ளைத் திட்டும் சொத்தையின் தொடக்கம் அல்ல, ஆனால் ஈறோரத்தில் இப்படி மங்கலாகத் தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

ஏனென்றால் இந்தக் கட்டத்தில் நோயைத் திருப்பிவிடலாம். ஃபுளோரைடு என்ற பொருள் கலந்த பற்பசையால் ஒழுங்காகத் துலக்கி, இடைத்தீனியைக் குறைத்தால் தாதுக்கள் மறுபடி படிந்து அந்த இடம் இறுகிவிடும். துளையிடவே தேவையில்லை. அந்த வாய்ப்பை விட்டுவிட்டால் ஒருநாள் மேற்பரப்பு உள்ளே இடிந்து விழும். அப்போதுதான் குழி. அதன் பிறகு அதை அடைக்கத்தான் முடியும், பழையபடி வளர்க்க முடியாது.

டென்டைனை எட்டியதும் சொத்தை பக்கவாட்டில் பரவுகிறது. வெளியே ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி, எக்ஸ்ரேயில் பார்த்தால் உள்ளே பாதிப் பல் காலி. "சின்னப் புள்ளிதானே, இவ்வளவு துளைத்துவிட்டாரே" என்று பலர் மருத்துவர்மீது கோபப்படுவது இதனால்தான். அவர் வெறும் வாசலைத் திறந்தார், வெற்றிடம் முன்பே அங்கிருந்தது.

வலி நின்றால் நோய் நின்றதா?

டென்டைனின் நுண்குழாய்கள் திறந்துகொண்டதும் ஐஸ்கிரீமும் இனிப்பும் சுருக்கென்று கூசும். பாக்டீரியாக்கள் பற்கூழை நெருங்கியதும் அது அழன்று வீங்கும். சுற்றிலும் கடினமான சுவர், வீங்க இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இரவில் விண்விண் என்று தெறிக்கும். கிராம்பு வைத்தால் சற்று அடங்கும், அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். உள்ளே நடப்பதை அது நிறுத்தாது.

சில நாட்களில் வலி தானாக நின்றுபோகலாம். பலர் குணமாகிவிட்டது என்று நிம்மதியடைகிறார்கள். உண்மையில் பற்கூழ் செத்துவிட்டது, வலியைச் சொல்ல நரம்பு இல்லை. கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் அது அவசர நிலை. அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

பற்கூழ் கெட்ட பிறகும் பல்லைக் காப்பாற்ற வழி உண்டு. உள்ளறையையும் வேர்க் குழாய்களையும் சுத்தம் செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை அது. காப்பாற்ற முடியாதபோது பிடுங்குகிறார்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் கெடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பார்வையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு தனி, மேல்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தனி. சீழ் வைத்த பல்லை அப்படியே வைத்திருப்பதுதான் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும் ஆபத்து.

ஃபுளோரைடு: நண்பனா, நஞ்சா?

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்தார். அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பது பின்னர் தெரியவந்தது. காரணம் குடிநீரில் இருந்த மிகுதியான ஃபுளோரைடு என்பது 1931இல் கண்டறியப்பட்டது.

கரைந்த தாதுக்கள் திரும்பப் படியும்போது ஃபுளோரைடும் உடன் இருந்தால் படிவது வேகமாகிறது. புதிதாக உருவாகும் படிகம் முன்பைவிட அமிலத்தை அதிகம் தாங்குகிறது. ஃபுளோரைடு பற்பசை செய்வது இதைத்தான். பற்கள் உருவாகும் வயதில் அதை அளவுக்கு மீறி விழுங்கினால்தான் கறை வருகிறது. அளவு இன்னும் மிகுந்து வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்புகளும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இந்தச் சிக்கல் இருந்ததால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட பகுதிகளில் குழந்தைகளின் பற்பசை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றபடி மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு பசை போதும். துலக்கியதும் நுரையைத் துப்பிவிடுங்கள். குடம் குடமாகக் கொப்பளித்தால் ஃபுளோரைடு எல்லாம் போய்விடும்.

செங்கல் தூள், சாம்பல், உமிக்கரி ஆகியவை பல்லை வெளுப்பாகக் காட்டும், ஆனால் எனாமலைத் தேய்த்துவிடும். ஃபுளோரைடும் அவற்றில் இருக்காது.

ஆறு வயதில் ஒரு பல் வருகிறது

பால்பல் விழத்தான் போகிறது. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அவை சொத்தையாகி முன்னதாகவே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், அடியிலிருந்து வர வேண்டிய நிலைப்பல் கோணலாக முளைக்கும். பால்பல்லின் எனாமல் மெல்லியது, அதனால் சொத்தை பற்கூழை எட்டவும் வெகு காலம் ஆகாது.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலும் கீழும் இருபுறமும் ஒவ்வொரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பால்பல்லும் விழாமல் வருவதால் இதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். இந்த நான்கும் வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிலைப்பற்கள். மெல்லும் பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. அவற்றில் சில, பிரஷ்ஷின் ஒற்றை மயிரும் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. நன்றாகத் துலக்கும் குழந்தைக்குக்கூட அங்கே சொத்தை விழலாம்.

அந்தப் பள்ளங்களை மெல்லிய பிசினால் மூடிவிடும் சிகிச்சை இருக்கிறது, சீலன்ட் என்பார்கள். துளையிடுவதோ ஊசியோ இல்லை, ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுக் குழந்தை இருந்தால் நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பாருங்கள். புதுப் பல் முழுதாக வெளியே வந்திருந்தால் பல் மருத்துவரிடம் அழைத்துப் போய்ச் சீலன்ட் போடலாமா என்று கேளுங்கள்.